வான்கோழிகளுக்குப் பக்கத்து வீடு

முடிச்சூரில் மனை வாங்குவதற்கு முன்னால் அப்பா அங்கே போய் நின்று காது கொடுத்துக் கேட்டார். மற்றவர்கள் மண்ணைப் பார்ப்பார்கள், பத்திரத்தைப் பார்ப்பார்கள், கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பார்கள். அப்பா கேட்டுப் பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சித்திரை வெயிலில், கட்டாந்தரையாகக் கிடந்த நிலத்தின் நடுவில் குடையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். அம்மாவும் நானும் ஒரு பனைமரத்தின் ஒல்லி நிழலை ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொண்டு நின்றோம்.

"கேட்டியா?" என்றார் அம்மாவிடம்.

"என்னது?"

"அதான். ஒண்ணுமே கேக்கல."

கூட வந்திருந்த புரோக்கர் சரியான நேரத்தில் வாயைத் திறந்தார். "இங்க இன்னா சார் சத்தம்? காத்து அடிக்கிற சத்தம்தான். அதுவும் சாயங்காலத்துலதான்."

அம்மா, தண்ணீர் நல்ல தண்ணீரா உப்புத் தண்ணீரா என்று கேட்டாள். அப்பா அந்த மாதிரி சில்லறை விஷயங்களைக் காதில் வாங்கும் நிலையில் இல்லை.

அப்போது நாங்கள் திருவல்லிக்கேணியில் ஒரு சந்தில், மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். கீழே அச்சகம். எதிரே சைக்கிள் கடை. அங்கே நாள் முழுக்க ரேடியோ. பக்கத்துப் போர்ஷனுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர் என்பதால் அந்த வீட்டில் யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள் என்பதுவரை எங்களுக்குத் தெரியும். அப்பாவுக்கு அரசாங்க அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. எல்லாக் கேடுகளுக்கும் சத்தம்தான் மூலகாரணம் என்பது அவருடைய முடிவு. அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு வந்ததற்கும், எனக்கு பி.காம். பரீட்சையில் ஒரு பேப்பர் நின்றுபோனதற்கும், அவருடைய பதவி உயர்வு தள்ளிப்போனதற்கும் சேர்த்துக் கீழ்வீட்டு அச்சு மெஷினை அவர் பொறுப்பாக்கியிருந்தார். நான் பரீட்சைக்குப் படிக்கவில்லை என்பது எனக்கும் அந்த மெஷினுக்கும் மட்டும் தெரியும்.

எண்பதுகளின் நடுவில் வீட்டைக் கட்டிக் குடிபோனோம். மறுநாள் விடிவதற்கு முன்பே ஒரு சேவல் கூவியது. அப்பா படுக்கையிலிருந்தபடியே, "ஆஹா" என்றார். சேவலை அவர் ஆட்சேபிக்கவில்லை. அது காலண்டரில் வருகிற சமாச்சாரம். பிறகு இன்னொரு சேவல் முதல் சேவலுக்கு மறுப்பு தெரிவித்தது. அதையடுத்து எருமை ஒன்று அடிவயிற்றிலிருந்து குரல் கொடுக்க, எங்கேயோ கட்டியிருந்த அதன் கன்று பதில் கொடுத்தது. ஆடுகள் சேர்ந்துகொண்டன. இவ்வளவு பேர் பேசும்போது தான் சும்மா இருப்பது மரியாதையில்லை என்று ஒரு நாயும் ஆரம்பித்தது. அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

"அன்னிக்கு இதெல்லாம் எங்க போயிருந்துது?"

"மத்தியான வெயில்ல எது கத்தும்? நிழல்ல படுத்துத் தூங்கியிருக்கும்," என்றாள் அம்மா. "நம்மள மாதிரியா?"

எங்கள் மனையும் அதைச் சுற்றியிருந்த மனைகளும் ஒரு காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களின் நெல் வயல். மனை போட்டு விற்றபோது, ஓட்டு வீடும் அதையொட்டிய கொஞ்சம் இடமும் மட்டும் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள். நிலத்தை விற்றார்களே தவிர மாட்டை விற்கவில்லை. ஏக்கர் கணக்கில் பரந்து கத்திக்கொண்டிருந்த ஜீவன்கள் எல்லாம் ஒரே கொல்லைக்குள் நெருக்கிப்பிடித்து நின்று கத்தவேண்டியதாயிற்று. அந்தக் கொல்லைக்கும் எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கும் நடுவில் ஒரு வேலிகாத்தான் வேலி.

அந்த வீட்டை நிர்வாகம் செய்தது ஒரு அம்மாள். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். காலனி முழுவதற்கும் அவர்தான் பால் ஊற்றினார் என்பதால் எல்லோருக்கும் பால்காரம்மா. அம்மா அவரை அக்கா என்பாள், அவரும் அம்மாவை அக்கா என்பார். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்ற கேள்வியைக் கடைசிவரை இருவருமே எழுப்பவில்லை. வீட்டுக்காரர் இருந்தார், ஆனால் அந்தக் கொல்லையில் சத்தம் போடாத ஒரே ஜீவன் அவர்தான்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வேலியருகே போனார்.

"ஏம்மா, இந்தச் சத்தத்த கொஞ்சம் கொறைக்க முடியாதா?"

பால்காரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. "இன்னா சத்தம் சார்?"

அந்தச் சமயத்தில் எருமை கத்தியது. அப்பா கையை நீட்டிக் காட்டினார்.

"அதுவா? வாய் கீது, கத்துது. நான் இன்னா சார் பண்றது?"

"விடிகாலைலயே ஆரம்பிச்சுடுதே. நாங்க தூங்க வேணாமா?"

அவர் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். கிண்டல் இல்லை, நிஜமான அக்கறை. "அந்நேரத்துக்கு இன்னும் தூங்கிகினா கீறீங்க? ஒடம்பு எதுனா சரியில்லியா சார்?"

அப்பா திரும்பி வந்துவிட்டார். மறுநாள் பாலோடு, சளிக்கு நல்லது என்று ஒரு கொத்துத் துளசியும் வந்தது.

இது முதல் வருடம். இரண்டாவது வருடம் வான்கோழிகள் வந்தன.

தாம்பரம், சேலையூர் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் டிசம்பர் மாதம் வான்கோழிக்கு நல்ல கிராக்கி என்று யாரோ சொல்லி, பால்காரம்மா ஒரு கூடை நிறையக் குஞ்சு வாங்கி விட்டார். சிறிதாக இருந்தவரை அவை கீச்கீச் என்றன. வளர்ந்த பிறகு அவற்றின் தனித்திறமை வெளிப்பட்டது. அதைக் கண்டுபிடித்தவர் அப்பாதான்.

காலையில் பல் விளக்கும்போது தொண்டையைச் செருமுவது அப்பாவின் நெடுநாள் வழக்கம். திருவல்லிக்கேணியில் அந்தச் செருமலைக் கேட்டு அச்சகக்காரர் கடிகாரத்தைச் சரிசெய்வார் என்று அம்மா சொல்வாள். தான் எழுப்பும் சத்தங்கள் சத்தக் கணக்கில் வரும் என்று அப்பாவுக்கு அதுவரை தோன்றியதில்லை. அன்றைக்குக் கிணற்றடியில் நின்று, "க்கும்" என்றார்.

வேலிக்கு அந்தப் பக்கம் எல்லா வான்கோழிகளும் ஒரே குரலில், "கொளகொளகொளகொள" என்றன.

அப்பா திடுக்கிட்டுத் திரும்பினார். யாரும் இல்லை. மறுபடி, கொஞ்சம் சந்தேகத்துடன், "க்கும்."

"கொளகொளகொளகொள."

அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். அப்பா மூன்றாவது முறை, வழக்கு விசாரிக்கிற தோரணையில், நீளமாகச் செருமினார். அவையும் நீளமாகப் பதில் சொல்லின. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். முடிச்சூருக்கு வந்தபிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அடுத்த சில நாட்கள் அப்பா ஆராய்ச்சி செய்தார். குக்கர் விசில், தும்மல், இரும்புக் கேட்டின் கொண்டி, கரண்டி கீழே விழுவது, ஸ்கூட்டரை உதைப்பது, கை தட்டுவது ஆகிய எல்லாவற்றுக்கும் வான்கோழிகள் பதில் சொல்லின. சாதாரணப் பேச்சுக்குச் சொல்வதில்லை. குரல் கொஞ்சம் உயர்ந்தால் உண்டு. இந்த முடிவுகளின் பேரில் வீட்டில் சட்டங்கள் வந்தன. குக்கர் பரணுக்குப் போய், சோறு மறுபடியும் பானையில் வடிக்கப்பட்டது. கேட்டின் கொண்டிக்குப் பழைய சைக்கிள் டியூப் சுற்றப்பட்டது. அப்பா தும்மலை விழுங்கக் கற்றுக்கொண்டார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க பயமாக இருக்கும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சண்டை வந்தால் அதைக் கிசுகிசுவென்று போட்டார்கள். கிசுகிசுத்துக்கொண்டே ரொம்ப நேரம் கோபமாக இருக்க முடியாது என்பதால் பாதியில் விட்டுவிட்டார்கள். சத்தமில்லாத வீடு வேண்டும் என்று அப்பா கேட்டது ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. சத்தமில்லாமல் இருந்தது நாங்கள்தான் என்பது மட்டுமே வித்தியாசம்.

இதில் முதலில் கவலைப்பட்டவர் பால்காரம்மா. ஒரு நாள் பால் ஊற்றும்போது அம்மாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இன்னாக்கா, வூட்ல எதுனா தகராறா? பேச்சு மூச்சே காணோம். சாரு உன்னாண்ட பேசறது இல்லியா?"

"அதெல்லாம் இல்லக்கா."

"இல்ல, மனசுல வெச்சிகினு இருக்காத. எதுனா இருந்தா சொல்லு, நான் வந்து கேக்கறேன்."

அப்பா உள்ளே இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் செரும வாயெடுத்ததையும் அடக்கிக்கொண்டதையும் நான் பார்த்தேன்.

இனி தனி ஆளாகப் போராடிப் பயனில்லை என்று அப்பா காலனி நலச் சங்கத்தை எழுப்பினார். தெருவிளக்குக்கும் சாலைக்கும் சேராத சங்கம் வான்கோழிக்குச் சேர்ந்தது. தலைவர், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர்; ஓடுகிற ரயிலுக்கு மேலே பேசிப் பழகிய குரல். அப்பா செயலாளர். பொருளாளர் ஒரு மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. செயலாளர் வீட்டு வாசலில்தான் கூட்டம் நடக்க வேண்டும் என்று தலைவர் சொன்னதால் எங்கள் வாசலில் நாற்காலிகள் போடப்பட்டன.

"அமைதியான வாழ்க்கை நமது உரிமை!" என்றார் தலைவர்.

"கொளகொளகொள."

உறுப்பினர்கள் கை தட்டினார்கள். அதற்கும் பதில் வந்தது. தலைவர் குரலை உயர்த்தினார். வான்கோழிகளும் உயர்த்தின. பேசியவர்கள் எல்லோரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. சத்தத்தை எதிர்த்துப் போடப்பட்ட அந்தத் தீர்மானம் பெருங்களத்தூர்வரை கேட்டிருக்கும். பால்காரம்மா வேலியோரம் நின்று வெற்றிலை மென்றுகொண்டே முழுவதையும் பார்த்தார். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்தும் அவர் முகத்தில் வருத்தமே இல்லை. ஒரே ஒரு தரம் அம்மாவைக் கூப்பிட்டு, "இத்தினி பேருக்கு டீ போடணுமே, பால் வோணுமாக்கா?" என்று கேட்டார்.

தீர்மானம் பஞ்சாயத்துத் தலைவரிடம் போனது. அவர் ஒரு மாலை புல்லட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தார். முதலில் வேலியைத் தாண்டி, "இன்னாக்கா, நல்லா கீறியா?" என்று குரல் கொடுத்தார். பால்காரம்மாவின் கூடப்பிறந்த தம்பி என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பிறகு அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, காபியை ரசித்துக் குடித்துவிட்டு, ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

"சார், ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க இங்க வந்தப்ப மாடு இருந்துச்சா, இல்லியா?"

"இருந்தது."

"மாடு வந்தப்ப நீங்க இருந்தீங்களா?"

அப்பா யோசித்தார். கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர் என்பதால் நேர்மையாகவே யோசித்தார் என்றுதான் நினைக்கிறேன். கடைசியில், "வான்கோழி எனக்கப்புறம்தான் வந்தது," என்றார்.

"அது வாஸ்தவம்," என்று பஞ்சாயத்துத் தலைவரும் ஒப்புக்கொண்டார். "டிசம்பர்ல போயிடும் சார். கவலப்படாதீங்க."

டிசம்பரில் பாதி போயிற்று. மீதியை முட்டைக்கும் குஞ்சுக்கும் என்று வைத்துக்கொண்டார் பால்காரம்மா. போன பாதியில் நல்ல கொழுத்த ஒன்று எங்கள் சங்கப் பொருளாளர் வீட்டுக்குப் போயிற்று; அவர் ஒவ்வொன்றாக எடை போட்டுப் பார்த்து, தீர்மானத்தில் கையெழுத்துப் போட்ட மறுவாரமே முன்பதிவு செய்திருந்தாராம். கேட்டதற்கு, சத்தத்தைக் குறைக்கத் தன்னால் ஆன உதவி என்றார்.

அந்த மார்கழியில் சங்கம் வேறு வழியில் இறங்கியது. காலனி மூலையில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் கட்டியிருந்தோம். அதன் மேல் கூம்பு ஒலிபெருக்கி ஒன்றைக் கட்டி, விடியற்காலையில் பக்திப் பாட்டு போட்டால் மாட்டுச் சத்தம் காதில் விழாது என்பது தலைவரின் யோசனை. அப்பா எதிர்த்தார். சத்தத்தை எதிர்க்கும் சங்கத்தில் சத்தத்தை எதிர்த்த ஒரே ஆள் அவர். வாக்கெடுப்பில் தோற்றார். மறுநாள் காலை ஒலிபெருக்கி பாடியது, வான்கோழிகள் பின்பாட்டு பாடின, மாடுகள் தங்கள் வழக்கத்தை விடவில்லை. அப்பா காதில் பஞ்சை வைத்துக்கொண்டு கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது நாள் பால்காரம்மா காலிப் பாத்திரத்தோடு வந்து நின்றார்.

"சார், நீங்கதானே செக்ரட்ரி? அந்தக் கொழாய கொஞ்சம் அந்தாண்ட திருப்பச் சொல்லுங்க. எருமை மெரண்டு போய் கீது. மடில கை வெச்சா ஒதைக்குது. பாலே எறங்கல."

"நானும் அதத்தாம்மா சொன்னேன். யாரும் கேக்கல."

"ஒரே பேஜாரா போச்சு சார். காலங்காத்தால மனுசன் நிம்மதியா வேல பாக்க வேணாமா?"

அப்பா அவரைப் பார்த்த பார்வையில் என்னவெல்லாமோ இருந்தது. காலனி முழுவதும் அன்று காலைக் காபி இல்லை. மாலைக்குள் ஒலிபெருக்கி இறக்கப்பட்டுவிட்டது. இறக்குவதற்கு ஏணி பிடித்தவர் சங்கத் தலைவர்.

இதற்கு அடுத்த வருடம் எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள். நான் குரோம்பேட்டையில் ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். மாம்பலத்திலிருந்து ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை மாலை வருவதாகச் செய்தி வந்தது. அப்பாவுக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. பெண்ணைப் பாடச் சொல்வார்கள், நான் பாடுவேன், ஒவ்வொரு அடிக்கும் வேலிக்கு அப்பால் என்ன நடக்கும் என்று அவருக்கு நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. சனிக்கிழமை மறுபடியும் சட்டையை மாட்டிக்கொண்டு வேலியருகே போனார்.

"பொண்ணு விஷயமா?" பால்காரம்மா இடுப்பில் கை வைத்தார். "இத மொதல்லியே சொல்றதில்ல? நீங்க வூட்டுக்குப் போங்க சார். நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே ஆடுகள் தம்பி வீட்டுக்குப் போயின. கன்றை எருமையின் பக்கத்திலேயே அவிழ்த்து விட்டார். கத்த அவசியமே இல்லாமல் போயிற்று. சேவல்களைக் கூடை போட்டுக் கவிழ்த்தார். நாயை வீட்டுக்காரர் கயிற்றில் பிடித்துக்கொண்டு எங்கேயோ போனார். வான்கோழிகளைப் பால்காரம்மாவே ஒரு குச்சியோடு ஏரிப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார். போகும்போது எங்கள் ஜன்னலைப் பார்த்து, "நல்லா பூ வெச்சிகினு உக்காரு கண்ணு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாம்பலத்துக்காரர்கள் வந்து உட்கார்ந்தபோது வீட்டைச் சுற்றி அப்படியொரு அமைதி. அப்பா மனை பார்க்கப் போனபோது கேட்ட அமைதி அதுவாகத்தான் இருக்க வேண்டும். எங்களுக்கு அது பழக்கமில்லை. அம்மா முறுக்கு வைத்திருந்தாள். மாப்பிள்ளையின் பெரியப்பா அதைக் கடித்த சத்தம் உள்ளறையில் எனக்குக் கேட்டது. மாப்பிள்ளை காபியை விழுங்கியதும் கேட்டது. நான் வந்து நமஸ்காரம் செய்து, கேட்டுக்கொண்டபடி ஒரு பாட்டைப் பாடிவிட்டு உள்ளே போனேன். யாரும் குறுக்கே பாடவில்லை. என் குரல் அவ்வளவு மெலிசு என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

பிறகு, மாப்பிள்ளையின் அத்தை பக்கத்திலிருந்தவளிடம் கிசுகிசுத்தாள். சாதாரண வீட்டில் அது கிசுகிசுப்பு. எங்கள் வீட்டில் அன்று அது மேடைப் பேச்சு.

"ஃபோட்டோல வேற மாதிரி இருந்துச்சே. ஸ்டுடியோக்காரன் நல்லா வேலைய காட்டியிருக்கான்."

"நெறமும் கம்மிதான். அது போகட்டும், இவ்வளவு தூரம் எவன் வந்து போறது?"

அம்மா தட்டோடு அப்படியே நின்றாள். அந்த அறையில் கேட்காத ஆள் கிடையாது. மாப்பிள்ளை தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார். அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மாதக்கணக்காக அடக்கி வைத்திருந்த செருமலை முழுவதுமாக வெளியே விட்டார். அந்தப் பேச்சை மூட வேண்டும் என்றுதான் செய்திருப்பார். ஆனால் வேலிக்கு அப்பாலிருந்து யாரும் பதில் சொல்லவில்லை. அந்த ஒற்றைச் செருமல் அறை நடுவில் தனியாக நின்றுவிட்டுப் போயிற்று.

நான் உள்ளே கதவு இடுக்கில் பார்த்தபடி காலி டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அழுகை வரவில்லை. முகம் மட்டும் அடுப்புக்கு எதிரே நிற்கிற மாதிரி எரிந்தது. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று பெரியப்பா கேட்டார். அப்பா எழுந்து பஸ் ஸ்டாப்பு வரை போய், அவர்களை ஏற்றிவிட்டுத்தான் வந்தார்.

இருட்டுகிற நேரத்தில் வான்கோழிகள் முன்னால் வர, பால்காரம்மா பின்னால் வந்தார். வேலியருகே அம்மா நின்றிருந்தாள்.

"இன்னாக்கா சொன்னாங்க?"

அம்மா சொன்னாள். எதையும் விடாமல் சொன்னாள்.

"ஃபோட்டோ பிடிச்சிருந்தா அந்த ஃபோட்டோவையே கட்டிக்கினு போவச் சொல்லு," என்றார் பால்காரம்மா. "கண்ணுல இன்னா கொள்ளிக்கட்டையா வெச்சிகினு கீறாளுங்க? மூக்கும் முழியுமா கீற பொண்ணு. நான் வேற இதுக்குன்னு இதுங்கள ஏரிக்கு இட்டுனு போய் கால் நோவ நின்னுகினு கீறேன். தெரிஞ்சிருந்தா நடுவூட்லயே அவுத்து விட்டிருப்பேன்!"

கடைசி வார்த்தையைக் கத்திச் சொன்னார். வான்கோழிகள் எல்லாம் சேர்ந்து ஆமோதித்தன. அப்போதுதான் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நான் கொல்லைப் படியில் உட்கார்ந்து இரண்டையும் தீர்த்துக்கொண்டேன். அப்பா கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழுவினார்.

அடுத்த வரன் வந்தபோது, "அந்தம்மாகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம்," என்று மட்டும் அப்பா சொன்னார்.

இந்த மாப்பிள்ளை சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் தகடு அடிக்கும் மெஷின்களுக்கு நடுவே வேலை பார்ப்பவர். அங்கே கத்தித்தான் பேச வேண்டும் என்பதால் எங்கும் கத்தியே பேசினார். "வணக்கம் சார்!" என்று அவர் வாசலில் நுழைந்தபோதே பக்கத்துக் கொல்லை வரவேற்றது. அவர் பதறவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"வான்கோழியா சார்? எத்தன வருஷமா இருக்கு?"

"கொளகொளகொள."

"ஒங்களயில்ல, அவர கேட்டேன்," என்றார் ஜன்னல் பக்கம் திரும்பி.

அவருடைய அம்மா என்னைப் பாடச் சொன்னார். நான் பாடினேன். முதல் அடி முடிந்ததும் வான்கோழிகள் வந்தன. இரண்டாவது அடியை அவற்றுக்கு மேலே போய்ப் பாடினேன். மூன்றாவது அடியில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, நிறுத்திவிட்டேன். மாப்பிள்ளை ஏற்கனவே கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் யார் யாரிடம் என்ன கிசுகிசுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கிசுகிசுத்திருப்பார்கள். என் நிறம் அன்றும் அதே நிறம்தான். போகும்போது அவர் என்னைப் பார்த்து, "சத்தம் ஒங்களுக்குப் பழக்கம்தானே? எங்க குவார்ட்டர்ஸ் ஃபேக்டரிக்கு எதிர்லதான்," என்றார். அதுதான் எங்கள் இருவருக்கும் நடந்த முதல் பேச்சு. அந்தத் தை மாதம் கல்யாணம் நடந்தது. பந்தியில் அத்தனை பேருக்கும் மோர் பால்காரம்மாவின் உபயம்.

தொண்ணூறுகளின் கடைசியில் பால்காரம்மாவின் வீட்டுக்காரர் இறந்தபிறகு, பிள்ளைகள் அந்த இடத்தை ஒரு பில்டருக்குக் கொடுத்தார்கள். ஓட்டு வீடு போய் அடுக்குமாடி வந்தது. பதிலுக்குக் கிடைத்த வீடுகளில் ஒன்றில், தரைத்தளத்தில், இளைய மகனோடு அவர் குடியேறினார். ஆடு, கோழி, வான்கோழி எல்லாம் போயிருந்தன. ஒரு எருமையை மட்டும் விடவில்லை. பிள்ளைக்கு ஒதுக்கியிருந்த கார் நிறுத்தும் இடத்தில் அதைக் கட்டினார்.

"கார் வெச்சிகினு கீறவன் கார நிறுத்தறான். நான் எருமை வெச்சிகினு கீறேன்," என்று எல்லோரிடமும் விளக்கினார். குடியிருப்போர் சங்கம் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு இளைஞர் அங்கே செயலாளர். கூட்டம் போட்டார்கள். பால்காரம்மா துணைக்கு அழைத்துப் போனது என் அப்பாவை. இப்படிப்பட்ட சங்கங்களில் அவருக்கு அனுபவம் உண்டு என்று.

அப்பாவும் போனார். எழுபதை நெருங்கிய வயதில், எருமைக்கு ஆதரவாகப் பேசினார். காபிக்கு அந்தப் பால்தான் ஒத்துவருகிறது என்பது அவருடைய தனிப்பட்ட காரணம். அதை அங்கே சொல்லவில்லை. எருமை கார் மாதிரி ஹாரன் அடிப்பதில்லை, பின்னால் போகும்போது பாட்டுப் பாடுவதில்லை, புகை விடுவதில்லை என்று அடுக்கிக்கொண்டே போனார். பால்காரம்மா ஒவ்வொன்றுக்கும், "அப்படிச் சொல்லு சார்!" என்று குரல் கொடுத்தார். செயலாளர் பேனாவால் மேஜையைத் தட்டி, "அங்கிள், ப்ளீஸ், ரெண்டு பேரும் சத்தம் போடாதீங்க," என்றார். அன்றைக்கு நான் குழந்தையோடு பிறந்தவீட்டுக்கு வந்திருந்தேன். திரும்பி வந்த அப்பா இதைச் சொல்லவில்லை. பால்காரம்மாதான் வந்து, நடித்தே காட்டினார்.

எருமையைப் படப்பைக்கு அந்தப் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. மினி லாரி வந்தது. பலகை போட்டு, முன்னால் வைக்கோல் காட்டி, பின்னால் தள்ளி, என்ன செய்தும் எருமை லாரியில் ஏறவில்லை. மாடி மாடியாக நின்று ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் பால்காரம்மா லாரிக்காரனைப் போகச் சொல்லிவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கயிற்றைக் கையில் பிடித்து நடக்கத் தொடங்கினார். எருமை ஒரு வார்த்தை பேசாமல் பின்னால் போயிற்று. எங்கள் வாசலைத் தாண்டும்போது அப்பா குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். "எங்க போறீங்க?" என்று அம்மா கேட்டதற்கு, "சும்மா, கொஞ்ச தூரம்," என்றார். லாரிகளும் கம்பெனி பஸ்களும் ஹாரன் அடித்துக்கொண்டு போன அந்தச் சாலையின் ஓரத்தில் இரண்டு பேரும் எருமைக்கு இரண்டு பக்கமாக நடந்து போனார்கள். மணிமங்கலம் பிரிவு வரை போய்விட்டு, அங்கிருந்து பஸ் பிடித்து, செருப்புக் கடித்த காலோடு அப்பா சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தார்.